முன்னப்பின்ன தெரியாதவங்களோட ஆன்லைன்ல துணுக்கு போட்டு அரட்டை அடிக்கிறது எப்படி: ஒரு முழு வழிகாட்டி

ஆக்டோபஸுக்கு மூணு இதயம். இத அப்படியே ஒரு குரூப்ல தட்டி விட்டீங்கன்னா ஒண்ணும் நடக்காது, ரெண்டு பேர் கட்டைவிரல் போடுவாங்க, ஒருத்தர் "தெரியும்"னுவாரு, அதோட காத்து போயிடும். அதையே இப்படிப் போட்டுப் பாருங்க: "மூணு இதயம் வச்சிருக்கற ஒரு ஜீவன், ஆனா நீந்த ஆரம்பிச்சா அதுல முக்கியமான ஒண்ணு ஸ்ட்ரைக் பண்ணிடும், யாரு?" இப்ப பாருங்க, ஒருத்தர் திமிங்கலம்பாரு, ஒருத்தர் "எங்க மேனேஜர் இல்ல, அவருக்கு ஒண்ணுகூட கிடையாது"ம்பாரு, மூணாவதா ஒருத்தர் அந்த மேனேஜரப் பிடிச்சுக்குவாரு, பத்து நிமிஷத்துல முகம் தெரியாத ஆளுங்க எல்லாம் ஒரே ஆபீஸ்ல வேல பாக்கற மாதிரி பேசிட்டு இருப்பாங்க. விஷயம் ஒண்ணுதான், போட்ட விதம்தான் வேற. (ஆக்டோபஸ் நீந்தும்போது உடம்புக்கு ரத்தம் அனுப்பற அந்த ஒரு இதயம் நிக்கும், அதனாலயே அது சீக்கிரம் களைச்சுப் போய் நீந்தறத விட ஊர்ந்து போறதத்தான் விரும்பும், இது உண்மை.)

நான் இந்த வழிகாட்டில சொல்ல வர்றது முழுசும் இதுதான். ஒரு துணுக்கு எவ்ளோ ஆச்சரியமா இருக்குங்கறது ரெண்டாம்பட்சம், எதிர்ல இருக்கறவர் வாயத் திறக்க அதுல எடம் இருக்கா, அதப் பாருங்க. எல்லாத்தையும் நீங்களே சொல்லி முடிச்சுட்டா அவரு என்னத்த சொல்லுவாரு, "சூப்பர் ப்ரோ" தான்.

படி 1: சரக்கு சேருங்க, ஆனா பாத்து சேருங்க

விலங்கு துணுக்கு எல்லாம் கிட்டத்தட்ட தேஞ்சு போச்சு. ஒட்டகச்சிவிங்கி, நெருப்புக்கோழி, கரப்பான்பூச்சி இதெல்லாம் எல்லாரும் பாத்தாச்சு. வாம்பட் மட்டும் இன்னும் ஓடும், ஆஸ்திரேலியாவுல இருக்கற அந்தப் பிராணி சதுரக் கட்டியா கக்கா போகும், அது ஏன் எப்படின்னு ஆராய்ச்சி பண்ணவங்களுக்கு 2019ல இக் நோபல் பரிசே (முதல்ல சிரிக்க வச்சு அப்புறம் யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிக்குக் குடுக்கறது) குடுத்தாங்க. சாப்பிடற நேரத்துல போடாதீங்க, அவ்ளோதான்.

என்னக் கேட்டா எல்லாத்துலயும் பெரிய சரக்கு ஆபீஸ் பேப்பர் காமெடி தான். நம்ம ஆளுங்கள்ல ஃபாரம் நிரப்பாதவங்க, பில் போட்டு பாஸ் ஆகாதவங்க யாரு இருக்கா சொல்லுங்க. அப்பல்லோ 11 கதை எல்லாருக்கும் தெரியும், ஆர்ம்ஸ்ட்ராங் கால் வச்சாரு, கொடி நட்டாங்க. ஆனா திரும்பி வந்ததும் மூணு பேரும் அமெரிக்க சுங்கத்துறை ஃபாரத்துல கையெழுத்து போட்டிருக்காங்கன்னு சொன்னா நிறைய பேரு நம்ப மாட்டாங்க. ஃபாரம் இருக்கு, தேதி 1969 ஜூலை 24, விமானம்ங்கற எடத்துல அப்பல்லோ 11, எங்கேர்ந்து கெளம்பினீங்கன்னா நிலா, எங்க வந்து எறங்கினீங்கன்னா ஹோனலூலு, என்ன சரக்கு ஏத்திட்டு வந்தீங்கன்னா நிலாக் கல்லும் நிலாத் தூசியும். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அடுத்த கட்டம் தான், நோய் பரவற மாதிரி ஏதாவது விமானத்துல இருக்கான்னு ஒரு கேள்வி இருக்கும் பாருங்க, அதுக்கு "இனிமேதான் தெரியணும்"ங்கற அர்த்தத்துல பதில் எழுதியிருக்காங்க. அப்ப அது ஒரு தமாஷுக்காகப் பண்ணதுதான், ஆனா ஃபாரம் நிஜம்னு நாசா தரப்புலயே சொல்லியிருக்காங்க. இதோட தம்பி ஒண்ணு இருக்கு: அந்த மூணு பேர்ல ஒருத்தரான பஸ் ஆல்ட்ரின் 2015ல தன்னோட பயணப்படி பில்ல வெளியிட்டாரு, ஹூஸ்டன்ல ஆரம்பிச்சு நிலா, பசிபிக் கடல், ஹவாய்னு போய் மறுபடி ஹூஸ்டன், மொத்த க்ளெய்ம் 33 டாலர் 31 சென்ட். அரசு வேலைல இருக்கற யாராச்சும் ஒருத்தர் அந்தப் பக்கம் இருந்தா போதும், "எனக்கு போன வருஷ டி.ஏ. இன்னும் வரல, அவருக்கு நிலாவுக்கே வந்துருச்சா"ன்னு ஆரம்பிச்சு ராத்திரி முழுக்க ஓடும்.

அடுத்த ரகம், நம்ம ஊருக்கும் உலகத்துக்கும் கோணலா ஒரு முடிச்சு இருக்கற விஷயங்க. பலூன்ல அடைக்கிற ஹீலியம் இருக்கே, அத பூமில பிடிக்கறதுக்கு முன்னாடியே சூரியன்ல பாத்துட்டாங்க, அந்தக் கதை ஆரம்பிச்ச எடங்கள்ல ஒண்ணு குண்டூரு. 1868 ஆகஸ்ட் 18ஆம் தேதி முழு சூரிய கிரகணம், ஜான்சென்னு ஒரு பிரெஞ்சுக்காரர் அங்க வந்து உக்காந்து சூரியனோட விளிம்புல எரியற வாயுவோட ஒளியப் பிரிச்சுப் பாத்தாரு, குண்டூரு அப்ப மதராஸ் மாகாணம். மிளகாயும் காரமும் மட்டும்தான் குண்டூருன்னு நெனச்சுட்டு இருக்கற ஆளுங்ககிட்ட இதப் போட்டா நல்லா போகும். அப்புறம் அமெரிக்காவோட யேல் யுனிவர்சிட்டி, அதுக்குப் பேரு குடுத்த எலைஹு யேல் நம்ம செயின்ட் ஜார்ஜ் கோட்டைல 1687லேர்ந்து 1692 வரைக்கும் கவர்னரா இருந்தவரு, கோட்டைக்குள்ள இருக்கற செயின்ட் மேரிஸ் சர்ச்ல நடந்த முதல் கல்யாணமே அவரோடதுதான், காலேஜுக்கு அவரு அனுப்பினது ஒன்பது மூட்டை சரக்கு, 417 புத்தகம், ராஜா படம் ஒண்ணு. ஆனா ஒரு எச்சரிக்கை, அந்த ஆளு பதவி போனதே ஊழல் புகார்ல, அடிமை வியாபாரத்தோட தொடர்பும் இருக்கு. ஜாலியா ஆரம்பிச்சு அங்க போய் நின்னா எல்லார் முகமும் மாறிடும். அத முழுசா பேசற மூடு இருக்கற எடத்துல மட்டும் எடுங்க.

காலத்தக் கொழப்பற ரகமும் உண்டு. கிளியோபாட்ரா பிரமிடு கட்டின காலத்துக்குப் பக்கமா, மனுஷன் நிலாவுக்குப் போன காலத்துக்குப் பக்கமான்னு கேளுங்க. பெரிய பிரமிடு கி.மு. 2560 வாக்குல, கிளியோபாட்ரா செத்தது கி.மு. 30ல, நிலா 1969. கணக்குப் போட்டா நிலா தான் பக்கம். தமிழ்நாட்டுல பத்தாவது வரைக்கும் வரலாறு படிச்ச எல்லாரும் இதுல ஒரு நிமிஷம் ஆடிப் போவாங்க.

எங்க சேத்து வைக்கிறதுன்னா, போன்ல நோட்ஸ் போதும். விஷயம் ஒரு வரி, வருஷம் ஒண்ணு, எங்க படிச்சீங்கன்னு ஒரு வரி. மூணாவது வரிய சோம்பேறித்தனப்பட்டு விட்டுடாதீங்க, ஏன்னு அடுத்த படில தெரியும்.

படி 2: உருட்டா இல்லையான்னு பாருங்க

இதுதான் முழு வேலைல பாதி வேலை, இத விட்டா மத்தது எல்லாம் வீண். தெரிஞ்சவங்க நடுவுல தப்பா ஒண்ணு சொன்னா "போடா"ன்னு முடிஞ்சுடும், தெரியாதவங்க நடுவுல உங்களப் பத்தி அவங்களுக்குத் தெரிஞ்ச ஒரே விஷயம் அந்தத் தப்புதான், அதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் "வந்துட்டாருய்யா உருட்டு மன்னன்".

நம்ம பக்கம் சுத்தற உருட்டுங்களுக்குன்னு ஒரு ஜாடை இருக்கு, பழகினா தூரத்துலயே தெரியும். முதல் ஜாடை, ஒரு வெளிநாட்டு பெரிய நிறுவனம் நம்மளப் பாராட்டிடுச்சுன்னு வரும். நம்ம தேசிய கீதத்த உலகத்துலயே சிறந்ததுன்னு யுனெஸ்கோ அறிவிச்சுடுச்சுன்னு வருஷா வருஷம் வருது இல்ல, யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவிக்கவே இல்லைன்னு எப்பவோ சொல்லியாச்சு, மெசேஜ் மட்டும் இன்னும் ஓய்வு பெறல. ரெண்டாவது ஜாடை, நாசா போட்டோ. தீபாவளி ராத்திரி வானத்துலேர்ந்து எடுத்த இந்தியான்னு கலர் கலரா ஒரு படம், அது ஒரு ராத்திரி எடுத்த போட்டோவே கிடையாது. பல வருஷத்து செயற்கைக்கோள் படங்கள ஒண்ணு மேல ஒண்ணு வச்சு, எந்த ஊர் வெளக்கு எந்த வருஷம் புதுசா வந்துச்சுன்னு காட்டறதுக்காக ஒரு அமெரிக்க விஞ்ஞானி கலர் குடுத்தது, 1992க்கு முன்னாடியே இருந்த வெளக்கு வெள்ளை, அதுக்கப்புறம் வந்தது நீலம், 1998 பச்சை, 2003 சிவப்பு. 2012 தீபாவளிக்கு நாசாவே நிஜமான படம் ஒண்ணப் போட்டு, தீபாவளியால கூடற வெளிச்சம் மேலேர்ந்து பாத்தா தெரியற அளவுக்கு இருக்காதுன்னு சொல்லிட்டாங்க. பாருங்க, உண்மைக் கதையே உருட்ட விட நல்லா இருக்கு, எந்த ஊரு எப்ப வளந்துச்சுன்னு அந்தப் படத்துலயே தேடலாம், அதையே ஒரு நாள் அரட்டைக்கு வச்சுக்கலாம்.

மூணாவது ஜாடை, டெக்னாலஜி வார்த்தை ஒண்ணு நடுவுல சொருகியிருக்கும். 2016ல 2000 ரூபா நோட்டு வந்தப்போ உள்ள நானோ ஜி.பி.எஸ். சிப் இருக்கு, 120 மீட்டர் மண்ணுக்கு அடியில பொதச்சாலும் காட்டிக் குடுத்துடும்னு டிவிலயே பேசினாங்க. ரிசர்வ் வங்கி சொன்ன பாதுகாப்பு அம்சப் பட்டியல்ல அப்படி ஒண்ணே இல்ல. 2023 மே மாசம் நோட்டையே திரும்ப வாங்கறேன்னு அறிவிச்சுட்டாங்க. இப்ப யாராச்சும் சிப் கதை எடுத்தா, "அப்ப திரும்ப வராத நோட்டு எல்லாம் எங்க இருக்குன்னு ஜி.பி.எஸ்.ல பாத்தா போச்சே, ஏன் பேங்க் வாசல்ல க்யூ"ன்னு கேளுங்க, சண்டை வராம முடிஞ்சுடும்.

நாலாவது, நம்மளே பெருமையா சொல்லிக்கற உருட்டு, இதத் தொடறப்போ மெதுவா தொடணும். தஞ்சாவூர் பெரிய கோவில் கோபுர நிழல் தரைல விழாதுங்கறது. விழும். சாயந்தரம் போய் நின்னா நல்லா நீளமாவே விழும், வருஷத்துல சில மாசம் உச்சிப்பொழுதுல மட்டும் அந்த நிழல் விமானத்தோட (கருவறைக்கு மேல நிக்கற அந்தக் கோபுரம்தான்) அகலமான அடிப்பகுதிக்குள்ளயே அடங்கிடும், அவ்ளோதான். ஆனா "நிழல் விழும்யா, முட்டாப்பயலுங்களா"ன்னு போய் நின்னீங்கன்னா அவங்க பெருமையப் பிடுங்கின மாதிரி ஆயிடும். பதிலா, 1010ல கட்டி முடிச்ச, ஒசந்த விமானத்த இன்னிக்கு வரைக்கும் சாயாம நிக்க வச்ச அந்தக் கட்டட வேலையப் பத்திப் பேசிட்டு, நிழல் போட்டோ ஒண்ண சும்மா சேத்து விடுங்க. படமே பேசிக்கும்.

சரி, புத்தகத்துல அச்சாகியிருந்தா நம்பலாமா? அதுவும் கிடையாது. இதுக்கு ஒரு அருமையான வழக்கு இருக்கு. ஃப்ரெட் வொர்த்னு ஒரு அமெரிக்கர் துணுக்குக் களஞ்சியம் எழுதினவரு, தன் சரக்க யாராச்சும் திருடினா பிடிக்கணும்னு வேணும்னே ஒரு பொய்ய உள்ள வச்சாரு: டிவி துப்பறிவாளர் கொலம்போவோட முதல் பேரு ஃபிலிப்னு. (நம்ம பக்கத்து கொழும்பு இல்ல, கசங்கின கோட்டு போட்டுட்டு வருவாரே அவரு.) ட்ரிவியல் பர்சூட்னு பிரபலமான கேள்வி-பதில் போர்டு கேம் வந்துச்சு, அதுல ஒரு கேள்வி, கொலம்போ முதல் பேரு என்ன, விடை ஃபிலிப். மாட்டுனாங்கடா சாமின்னு 1984ல 30 கோடி டாலர் கேட்டு கேஸ் போட்டாரு. விளையாட்டுக்காரங்க தரப்புல, ஆமா உங்க புத்தகத்தப் பாத்தோம், மத்த புத்தகங்களையும் பாத்தோம்னு சொல்லிட்டாங்க. தகவலுக்கு யாரும் காப்புரிமை கொண்டாட முடியாதுன்னு கோர்ட்டு கேஸத் தள்ளிடுச்சு. பொறி வச்சவருக்கு எலி கெடச்சுது, ஆனா எலி ஜாமீன்ல போயிடுச்சு. நீங்க எடுத்துக்க வேண்டியது, ஒரே விஷயம் பத்து எடத்துல இருந்தா பத்து சாட்சின்னு அர்த்தம் இல்ல, பத்து பேரும் ஒருத்தர்கிட்டேர்ந்து சுட்டிருக்கலாம். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்லாத ரெண்டு எடத்துல பாருங்க, அதுல ஒண்ணாவது அந்த வேலையச் செஞ்சவங்க சைடா இருந்தா நல்லது, நாசா விஷயம்னா நாசா, நோட்டு விஷயம்னா ரிசர்வ் வங்கி.

படி 3: கேள்வியா திருப்புங்க

ஒரு நல்ல கேள்வின்னா தெரியாதவனும் கை தூக்கணும். "சான்சிபார் போர் எந்த வருஷம்?"னு கேட்டா தெரிஞ்சவன் மட்டும் பேசுவான், அதுவும் கூகுள் பண்ணிட்டு. "உலகத்துலயே சின்னப் போர் எவ்ளோ நேரம் நடந்திருக்கும், கிட்டக்க சொல்றவங்க ஜெயிச்சாங்க"ன்னு கேளுங்க. ஒருத்தர் மூணு நாள்பாரு, ஒருத்தர் ஒரு நாள், ஒருத்தர் "எங்க மாமியார் வீட்ல அஞ்சு நிமிஷம்"பாரு. 1896 ஆகஸ்ட் 27, பிரிட்டனுக்கும் சான்சிபாருக்கும் (கிழக்கு ஆப்பிரிக்கா பக்கத்துத் தீவு), சுமார் 38 நிமிஷம். நம்பர் கேள்விதான் தெரியாதவங்க கூட்டத்துக்கு ராஜா, ஏன்னா தப்பா சொன்னாலும் யாருக்கும் அவமானம் இல்ல, எல்லாரும் ஒரே கோட்டுல எங்கயோ நிக்கறாங்க.

ரெண்டுல ஒண்ணு கேள்வியும் நல்லா ஓடும். வாழைப்பழம், ஸ்ட்ராபெரி, இதுல தாவரவியல் கணக்குப்படி எது பெர்ரி? வாழைப்பழம்.

விடைய எப்ப சொல்றதுன்னா, பேச்சு உச்சத்துல இருக்கறப்போ சொல்லிடாதீங்க, கொஞ்சம் தளர ஆரம்பிக்கறப்போ சொல்லுங்க. ரொம்ப நேரம் இழுத்தா எவனாச்சும் தேடி ஸ்க்ரீன்ஷாட் போட்டுடுவான்.

இன்னொரு குறுக்கு வழி இருக்கு. ஆன்லைன்ல சரியான பதில் வேணும்னா கேள்வி கேக்காத, தப்பான பதிலப் போடு, திருத்தறதுக்கு ஓடி வருவாங்கன்னு. கன்னிங்ஹாம் விதின்னு பேரு, யார் வேணும்னாலும் திருத்தற விக்கி வகை வெப்சைட்ட முதல்ல உருவாக்கின வார்டு கன்னிங்ஹாம் பேர்ல சுத்துது, அவரோ நான் அப்படி சொல்லவே இல்லைன்னுட்டாரு, அதாவது அந்த விதியே அந்த விதிப்படி திருத்தம் வாங்கிடுச்சு. வேடிக்கையா இருக்கும், ஆனா ஒரு கூட்டத்துல ஒரு தடவைக்கு மேல பண்ணாதீங்க, படி 2ல சொன்ன மன்னன் பட்டம் உங்களுக்கே வந்துடும்.

படி 4: எப்ப போடறது

எல்லாரும் எதுக்காகவோ காத்துட்டு இருக்கற நேரம் தான் பொற்காலம். மழைல நின்ன மேட்ச், லூடோல நாலாவது ஆளு வரல, யாரோ ஒருத்தர் நெட் போயி லைவ் சுத்திட்டே இருக்கு. எல்லாரும் எதுக்கோ தீவிரமா இருக்கறப்போ, குறிப்பா ஒருத்தர் உதவி கேட்டுட்டு இருக்கறப்போ நடுவுல ஆக்டோபஸக் கொண்டு வந்தா அடி விழும்.

மேட்ச் மழைன்னா இப்படித்தான் போகும்:

"மக்களே, இந்த மழை விடறதுக்குள்ள ஒண்ணு. டெஸ்ட் வரலாறுலயே டை ஆன மேட்ச் மொத்தம் எத்தன? கூகுள் பண்ணா கண்ணு அவிஞ்சுடும்."
"நூறுக்கு மேல இருக்கும் பாஸ், அந்தக் காலத்துல எல்லாமே டிரா தானே."
"டிரா இல்லைங்க, டை. ரெண்டு பேரு ஸ்கோரும் சமம், கடைசி விக்கெட்டும் காலி."
"அப்ப ஒரு இருபது?"
"எங்க ஊர் கவுன்சிலர் எலெக்‌ஷன் டை ஆச்சு, அதையும் சேத்துக்கோங்க."
"அதுக்கு குலுக்கல் போட்டாங்களா?"
"போட்டாங்க. தோத்தவரு இன்னும் அந்தச் சீட்டு மடிச்ச விதத்தப் பத்திப் பேசிட்டு இருக்காரு."
"ரெண்டே ரெண்டு. ஒண்ணு 1960 பிரிஸ்பேன். இன்னொண்ணு எங்க நடந்துச்சுன்னு சொல்றவரு கெட்டிக்காரர்."
"லார்ட்ஸ்."
"சேப்பாக்கம்யா. 1986 செப்டம்பர், ஆஸ்திரேலியாவோட."
"எங்கப்பா அந்த மேட்ச் பாக்கப் போயிருந்தாராம், கடைசி பால்ல பக்கத்துல இருந்தவர கட்டிப்பிடிச்சு அழுதாராம்."

பாத்தீங்களா, துணுக்குங்கறது ரெண்டு வரிதான். கவுன்சிலர் குலுக்கலும் அப்பா அழுததும் எங்கேர்ந்தோ வந்துச்சு, அதுக்குத்தான் நீங்க கேட்டதே. அந்த அப்பா கதை வந்த உடனே அதப் பிடிச்சுக்கணும், "அப்புறம் என்ன சொன்னாரு?"ன்னு கேக்கணும், அங்க போயி "டீன் ஜோன்ஸ் 210 அடிச்சாரு, வெயில்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க"ன்னு அடுத்த துணுக்க எறக்கக் கூடாது. அது கைல இருக்கட்டும், பேச்சு ஓஞ்சா எடுத்துக்கலாம்.

படி 5: கலாய்க்கிறதுக்கு எல்லை

1982 செப்டம்பர் 19, கார்னெகி மெலன் யுனிவர்சிட்டில கம்ப்யூட்டர் ஆளுங்க ஒரு விளையாட்டா, லிஃப்ட்ல பாதரசம் கொட்டிடுச்சுன்னு கற்பனையா பேசிட்டு இருந்தத சிலரு நெஜ எச்சரிக்கைன்னு எடுத்துக்கிட்டாங்க. அப்பதான் ஸ்காட் ஃபால்மன், தமாஷுன்னா ஒரு கோலன், ஒரு கோடு, ஒரு பிராக்கெட் போடுங்க, தல சாச்சுப் பாத்தா சிரிக்கற மூஞ்சி தெரியும்னு யோசனை சொன்னாரு. நாப்பது வருஷம் தாண்டியும் பிரச்சினை அதேதான், எழுத்துல குரலும் இல்ல முகமும் இல்ல, உங்க நக்கல் அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது வெறும் திட்டா சேருது. அதனால தெரியாத ஆளுன்னா ஸ்மைலி போடறதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க, கெத்து கொறஞ்சுடும்னு நெனைக்கறவங்கதான் அதிகமா சண்டைல மாட்டறாங்க.

யாரக் கலாய்க்கலாம்? உங்கள நீங்களே, தாராளமா. அந்தத் துணுக்க, மழைய, நெட்ட, சுத்தற வட்டத்த, குட்மார்னிங் ரோஜாப்பூ அனுப்பற சித்தப்பாக்கள. எதிர்ல இருக்கறவர் போட்ட பதில கலாய்க்கலாம், அவரக் கலாய்க்காதீங்க. "லார்ட்ஸா, அங்க நடந்திருந்தா மழைதான் ஜெயிச்சிருக்கும்"னா சிரிப்பு. "லார்ட்ஸாம், மூஞ்சியப் பாரு"ன்னா முடிஞ்சுது.

பேச்சு வழக்க வச்சு கலாய்க்கவே கலாய்க்காதீங்க. யாழ்ப்பாணத்துக்காரர் "என்ன செய்யிறியள்"னு கேப்பாரு, மலேசியாக்காரர் வரி கடைசில ஒரு "லா" போடுவாரு, திருநெல்வேலிக்காரர் "ஏல"ம்பாரு, அத நீங்க திருப்பி நடிச்சுக் காட்டினா ஆயிரமாவது ஆளு நீங்க. அப்புறம் "எந்த ஊரு?" வரைக்கும் சரி, அதுக்கடுத்து "ஊருக்குள்ள எந்தப் பக்கம், யாரு வீட்டு ஆளு"ன்னு தோண்டினா எதுக்குத் தோண்டறீங்கன்னு எல்லாருக்கும் தெரியும், அதக் கேக்கற ஆளோட அரட்டைய அங்கயே முடிச்சுக்கலாம்.

கூப்பிடற விதத்துக்கு வரேன். ஆரம்பத்துல எல்லாருக்கும் "ங்க" தான், வயசு தெரியாது, ஆணா பொண்ணா தெரியாது. "ப்ரோ"ன்னு கண்ண மூடிட்டு கூப்பிடறோம், அந்தப் பக்கம் எத்தன அக்காங்க பல்லக் கடிச்சுட்டு இருக்காங்களோ. கூட்டமா இருந்தா "மக்களே", ஒருத்தர்னா அவர் வச்சிருக்கற பேரு, அது "மிட்நைட் பரோட்டா"வா இருந்தாலும் "பரோட்டா சார்"னு கூப்பிட்டா அவரே சிரிப்பாரு. "டா" அவங்க முதல்ல போடட்டும். பொண்ணுன்னு தெரிஞ்ச உடனே "வாம்மா", "டியர்"னு மாறறவங்க தயவு செஞ்சு இந்த வழிகாட்டிய மூடிடுங்க, உங்களுக்கு வேற ஏதோ வேணும், துணுக்கு இல்ல.

சினிமா நடிகர், கட்சி, சாமி மூணையும் நான் தொடறதே இல்ல. தொட்டு ஜெயிச்சவங்கள நான் பாத்ததும் இல்ல.

படி 6: திருத்தம் வர்றப்போ, திருத்தறப்போ

எந்தத் துணுக்குக்கும் ஒரு "ஆனா" இருக்கும். வெள்ளி கிரகத்துல ஒரு நாள் ஒரு வருஷத்த விட பெருசுன்னு போடுவீங்க, தன்னத்தானே சுத்த 243 பூமி நாள், சூரியனச் சுத்த 225. உடனே ஒருத்தர் வருவாரு, "அது நட்சத்திரத்த வச்சு அளக்கற நாளு, சூரியன் உதிச்சு மறுபடி உதிக்கறதப் பாத்தா 117 நாள் தான்"னு. அவர் சொல்றதும் சரி. இங்க மொறைக்காம, "அப்ப அங்க சம்பளம் எந்தக் கணக்குல போடுவாங்க?"ன்னு அவர்கிட்டயே தள்ளி விடுங்க. அந்த மாதிரி ஆளுதான் கூட்டத்துல பெரிய சொத்து, அவரப் பகைச்சுக்காதீங்க.

நீங்க திருத்தறப்போ இதையே தலைகீழா பண்ணுங்க. இந்தியாவோட முதல் ரயில் 1853 பம்பாய் டு தானேன்னு ஒருத்தர் போட்டா "தப்பு"ன்னு ஆரம்பிக்காதீங்க. "ஆமா, ஏப்ரல் 16, பயணிகள ஏத்திட்டுப் போன முதல் ரயில். ஆனா கல்லு ஏத்தினது கணக்குல உண்டா?"ன்னு கேளுங்க. அவர் "என்ன கல்லு?"ம்பாரு. 1837லயே செங்குன்றத்துலேர்ந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு ரோடு போடற கல்லு கொண்டு வர ஒரு ரயில் பாதை ஓடியிருக்கு. முன்னாடி அவர் சொன்னதும் நிக்கும், நீங்க சொன்னதும் நிக்கும், சென்னைக்காரங்க நாலு பேரு "அப்பவே ரோட்டுல குழி இருந்திருக்கு போல"ன்னு வந்து சேந்துக்குவாங்க.

படி 7: உஷாரா இருங்க, நேரத்துக்கு கெளம்புங்க

ஜாலிக் கேள்வி வேஷத்துல வர்ற வேற சரக்கு ஒண்ணு இருக்கு. "உங்க சினிமாப் பேரு என்ன? முதல்ல வளத்த நாயோட பேரையும் பொறந்த தெரு பேரையும் சேத்துச் சொல்லுங்க", "90ஸ் கிட்ஸ் மட்டும், முதல் ஸ்கூல் பேரு, முதல் வண்டி எது". பேங்க் கணக்குல, மெயில்ல பாஸ்வேர்டு மறந்தா கேக்கற கேள்வி என்னென்னன்னு ஒரு தடவ யோசிச்சுப் பாருங்க. எல்லாம் அதேதான். கேக்கறவரு கள்ளம் இல்லாம கேக்கலாம், ஆனா பதில் எல்லாம் பொதுவுல கெடக்குமே. அந்த எடத்துல நல்லா உருட்டுங்க, நாய் பேரு ராஜராஜன், தெரு பேரு நிலான்னு. உருட்டுக்கு அனுமதி உள்ள ஒரே எடம் இதுதான். தனியா மெசேஜ்ல வந்து நம்பர், போட்டோ, எந்தக் கம்பெனின்னு கேக்கற ஆளுகிட்ட பதில் சொல்லணும்னு கட்டாயமே இல்ல, மூணு மணி நேரம் சிரிச்சுப் பேசினதால யாரும் யாருக்கும் கடன்படறது கிடையாது.

கெளம்பறதுக்கு ஒரு வழி சொல்றேன். பேச்சு செத்துப் போற வரைக்கும் உக்காந்திருக்காதீங்க, நல்லா ஓடிட்டு இருக்கறப்போவே ஒரு கேள்வியத் தொங்க விட்டுட்டுப் போங்க. எனக்கு இதுக்குன்னே ஒண்ணு உண்டு: "தக்காளி காயா பழமான்னு சண்டை வந்து ஒரு நாட்டோட உச்சநீதிமன்றம் வரைக்கும் போயி தீர்ப்பே குடுத்திருக்காங்க, எந்த நாடு, என்ன தீர்ப்பு?" 1893, அமெரிக்கா, இறக்குமதி வரி காய்கறிக்கு உண்டு பழத்துக்கு இல்லைங்கறதால வந்த கேஸு, தாவரவியல்ல பழமாவே இருக்கட்டும், சனங்க சாப்பாட்டோட தானே சாப்பிடறாங்க, அதனால காய்தான்னு சொல்லிட்டாங்க. ஆனா இந்த விடைய நீங்க சொல்லாதீங்க. குட் நைட் போட்டுட்டு படுத்துடுங்க. காலைல எழுந்து பாத்தா ரசத்துல போடறது காயா பழமான்னு ஒருத்தர் கேட்டிருப்பாரு, அதுக்குக் கீழ முப்பது மெசேஜ் இருக்கும், நீங்க அந்தப் பக்கமே இல்லாம.